உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் எப்படி நடந்தது, ஏன் மூடப்பட்டது?

சென்னை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைப் பற்றி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்க டிரைவ்-இன்களைப் பார்த்து அடித்த காப்பியா? காரிலேயே தட்டை மாட்டிப் பரிமாறியது நடைமுறையில் எப்படி? கூட்டம் குறைந்துபோனதால்தான் 2008-ல் மூடினார்களா? கூடவே, உங்கள் தாத்தாவின் ஆல்பத்தில் இருக்கும் ஒரு படம் எந்த ஆண்டு எடுத்தது என்று கண்டுபிடிக்க வழி கேட்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இவ்வளவு பேர் விரும்பிப் போன ஓட்டல் வியாபாரத்தில் தோற்றுப்போனதா? தோற்கவில்லை. அதன் காலுக்குக் கீழே இருந்த நிலம்தான் போயிற்று. இந்த ஓட்டலின் வரலாற்றைச் சாப்பாட்டின் வரலாறாகப் படிப்பதைவிட ஒரு குத்தகை மனையின் வரலாறாகப் படித்தால் பல விஷயங்கள் தெளிவாகும். ஓட்டல்களுக்குச் சமையலறையும் சப்ளை வழியும் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். ஆகவே தட்டு, தூரம், ஆள்கணக்கு பற்றி உறுதியாகப் பேச முடியும். நில வழக்கின் சட்ட நுணுக்கம் என் துறை இல்லை. அதில் முடிவை மட்டும் சொல்கிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் வைத்துவிடலாம். ஓட்டல் தொடங்கியது 1962-ல். இடம், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கைவசம் இருந்த தோட்டம். அந்தச் சங்கம் 1835-ல் உருவானது. ஓட்டல் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே மரம் வளர்ப்பதும் நாற்று விற்பதும் அதன் வேலையாக இருந்தது. அதன் நிலம் அன்று கதீட்ரல் சாலையின் இரண்டு பக்கமும் இருந்தது. ஓட்டலைத் தொடங்கியவர் உடுப்பிப் பக்கத்து கடந்தலே கிருஷ்ண ராவ். 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா உருவாகி, 2010 நவம்பர் 24 அன்று அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 20 ஏக்கர்; சென்னைக் கணக்கில் சொன்னால் 360 கிரவுண்டுக்கு மேல். ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, அண்ணா சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 360 கிரவுண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிருஷ்ண ராவ் சமையல்கட்டு வேலையாளாகத் தொடங்கி மேலே வந்தவர். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் நடத்தினார். பிறகு 1930களின் கடைசியில் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியோடு கூடிய ஓட்டலாக்கினார். அந்தப் பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். 1952-ல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. பத்தாண்டு கழித்து டிரைவ்-இன். நினைவுகளைக் கேட்டுத் தொகுக்கிறவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். ‘உட்லண்ட்ஸில் சாப்பிட்டோம்’ என்று ஒருவர் சொன்னால் எந்த உட்லண்ட்ஸ் என்று கேட்டுவிட வேண்டும். கல்யாணம், டிசம்பர் கச்சேரி, ரூம் போட்டுத் தங்கியது என்றெல்லாம் பேச்சு வந்தால் பெரும்பாலும் நியூ உட்லண்ட்ஸ். மரம், கார், மெடிக்கல் ரெப் என்று வந்தால் டிரைவ்-இன். முதல் உட்லண்ட்ஸும் டிரைவ்-இன்னும் அடுத்தவர் மனையில் நடந்தவை என்பதையும் கவனியுங்கள். ஒரு நல்ல இடத்தைப் பார்த்ததும், அதை வாங்கக் காத்திராமல் குத்தகைக்குப் பிடித்து நடத்தும் துணிச்சல் அந்தத் தலைமுறை உடுப்பி முதலாளிகளிடம் இருந்தது. அவர்கள் வளர்ந்ததும் அதனால்தான். ஆபத்தும் அங்கேயேதான் இருந்தது.

இனி அமெரிக்கத் தொடர்பு. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் ஓட்டல் என்ற வடிவம் அங்கே பிறந்தது என்பதில் கேள்வியே இல்லை. 1921-ல் டெக்சாஸின் டல்லாஸ் நகரத்தில் கிர்பி என்பவர் தொடங்கிய பிக் ஸ்டாண்டைத்தான் பொதுவாக முதல் டிரைவ்-இன்னாகக் கொள்கிறார்கள். அதன் உச்சம் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பதினைந்து, இருபது ஆண்டுகள். அங்கே அதற்கு வந்த சிக்கல் ஆள்கூலி. மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தொடங்கியதும் கார்களுக்குப் பரிமாறும் டிரைவ்-இன் தான். 1948-ல் கடையைச் சில மாதம் மூடி, கார் பக்கம் போகும் பணியாளர்களை எடுத்துவிட்டு, இருபத்தைந்து ஐட்டங்களை ஒன்பதாகக் குறைத்து, வாடிக்கையாளரே ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாற்றினார்கள். ஒக்லஹோமாவில் 1953-ல் தொடங்கிப் பின்னால் சோனிக் என்று பெயர் மாறிய கடை வேறு வழியில் போனது: ஒவ்வொரு கார் நிற்கும் இடத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்து ஆர்டரை அதில் சொல்ல வைத்தது. இரண்டுமே பணியாளர் நடக்கும் நடையைக் குறைக்கும் முயற்சிகள். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன். நம் உட்லண்ட்ஸ் தொடங்கிய 1962-ல் அமெரிக்காவில் அந்த வடிவம் சரியத் தொடங்கிவிட்டது. அங்கே கட்டுப்படியாகாமல் போன ஒன்று மெட்ராஸில் இன்னும் நாற்பத்தாறு ஆண்டு ஓடியது. காப்பிக்கு இப்படி ஒரு ஆயுள் வராது. காரில் தட்டை மாட்டும் யோசனை மட்டுமே அங்கிருந்து வந்தது. பண்டம், பரிமாறும் வரிசை, உட்காரும் நேரம், நிழல் எல்லாம் நம்முடையவை.

தட்டுக்கு வருவோம். கார் ஜன்னலில் மாட்டும் தட்டு பார்க்க எளிது, வேலை செய்யும் விதம் கொஞ்சம் நுட்பம். தட்டின் ஒரு நீளவாட்டுப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள் இருக்கும், அவற்றின் உட்புறம் ரப்பர் உறை. தட்டின் அடியிலிருந்து ஒரு முட்டுக்கால் சாய்வாக இறங்கிக் கார் கதவில் ஊன்றி நிற்கும், அதன் முனையிலும் ரப்பர். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடாமல் இரண்டு விரல் உயரம் வெளியே தெரியும்படி நிறுத்தினால் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். எடையை இப்படிக் கணக்கிடலாம். இரண்டு பேருக்கான டிபன் என்றால் எவர்சில்வர் தட்டுகள், சாம்பார்க் கிண்ணம், தண்ணீர் டம்ளர், காபி டபரா செட் எல்லாம் சேர்த்து, மாட்டும் தட்டோடு மூன்றரையிலிருந்து நான்கு கிலோ வரும். எடையின் மையம் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும். முட்டுக்கால் கொக்கிக்கு ஒரு சாண் கீழே ஊன்றினால் கதவுத் தகட்டை அதே நான்கு கிலோ விசையோடு அழுத்தும். அரைச் சாண் கீழே ஊன்றினால் அழுத்தம் எட்டு கிலோ ஆகிவிடும். குட்டை முட்டுக்கால் உள்ள தட்டுகள் கதவில் நெளிவு உண்டாக்குவதும், கண்ணாடியை வெளிப்பக்கம் இழுத்து அதன் ரப்பர் பட்டையைத் தளர்த்துவதும் இதனால்தான்.

இந்த அமைப்புக்கு அம்பாசிடரைப் போல் தோதான கார் கிடையாது. கண்ணாடி தட்டையானது, கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பது. தகடு கெட்டி. பிரீமியர் கம்பெனியின் பியட் 1100-ம், 1961-லிருந்து மெட்ராஸின் வண்டலூர்த் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஏறக்குறைய அதே காலத்து வடிவங்கள்தான். சாலையில் ஓடியவை பெரும்பாலும் இந்த மூன்று வகை என்பதால் ஒரே அளவுத் தட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தியது. தவறு நடக்கும் இடங்களும் தெரிந்தவையே. உள்ளே இருப்பவர் மறந்துபோய்க் கதவைத் திறப்பார். பின்சீட்டில் இருக்கும் குழந்தை எம்பி ஏறும்போது கார் ஸ்பிரிங்கில் அசைந்து சாம்பார் தளும்பும். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் டம்ளர் ஓரத்துக்கு நகரும். அதனால் டம்ளரைக் கதவுப் பக்கமும் சாம்பாரைத் தட்டின் நடுவிலும் வைப்பது நல்ல சர்வருக்குக் கையோடு வந்துவிடும் பழக்கம்.

நடைக் கணக்குதான் இந்த வியாபாரத்தின் உயிர்நாடி. சமையலறையிலிருந்து காருக்குச் சராசரி 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; தோட்டத்துக்குள் பரவி நிற்கும் கார்களுக்கு இது குறைவான மதிப்பீடுதான். ஆர்டர் எடுக்க ஒரு நடை. டிபன் கொண்டுவர ஒன்று. பில் கொடுத்துப் பணம் வாங்க ஒன்று. மீதிச் சில்லறையோடு வந்து தட்டைக் கழற்ற ஒன்று. அமெரிக்கக் கடையில் இந்த நாலோடு முடிந்துவிடும். நம் ஊரில் ஐந்தாவது ஒன்று உண்டு, காபி. டிபனோடு காபியை வைத்தால் நம் ஆட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, கொதிக்கக் கொதிக்க வர வேண்டும். ஆக ஐந்து நடை, போக வர 80 மீட்டர் வீதம் 400 மீட்டர். கையில் பாத்திரத்தோடு வினாடிக்கு ஒரு மீட்டர்தான் நடக்க முடியும் என்பதால் ஒரு காருக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் நடையிலேயே போய்விடும். ஒரு சர்வர் மணிக்கு எட்டு காரைக் கவனித்தால் 56 நிமிடம் நடந்துகொண்டே இருப்பார். அதே ஆள் ஹாலுக்குள் 10 மீட்டர் தூரத்தில் பரிமாறினால் ஒரு மேஜைக்கு ஒன்றே முக்கால் நிமிட நடைதான். கார் சப்ளைக்கு ஹாலைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆள் தேவை என்பது இதிலிருந்து வருகிறது. ஆள்கூலி உயர்ந்த ஊரில் டிரைவ்-இன் முதலில் சாவதற்கும், உடுப்பி ஓட்டல்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் ஊரிலிருந்து ஆள் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் மெட்ராஸில் அது தாக்குப்பிடித்ததற்கும் காரணம் ஒன்றே. உட்லண்ட்ஸிலும் கார் சப்ளையோடு நிற்காமல் உள்ளே நாமே வாங்கிச் சாப்பிடும் ஹால் ஒன்றும் இருந்தது. நெரிசல் நேரக் கூட்டத்தை ஹால் தாங்கிக்கொண்டால்தான் தோட்டத்தில் நிதானமாகப் பரிமாற முடியும்; இந்த இரட்டை ஏற்பாடு சரியான யோசனை.

நாற்பது மீட்டர் நடைக்கு எந்தப் பண்டம் தாங்கும் என்பது அடுத்த விஷயம். இட்லிக்குக் கவலையே இல்லை. வடை, பொங்கல், கிச்சடி எல்லாம் தாங்கும். சாம்பார் வடையைத் தட்டில் ஊற்றாமல் கிண்ணத்தில் வைத்தால் போதும். ரவா தோசைதான் சோதனை: கல்லிலிருந்து எடுத்த நிமிடத்திலேயே அதன் ஆவி அடிப்பக்கத்தை நமுக்கத் தொடங்கும், மேலே மூடினால் இன்னும் மோசம். அதை மூடாமல், மடித்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்து உடனே எடுத்துப் போக வேண்டும். பலர் இன்றும் நினைத்துப் பேசும் அந்த ஓட்டலின் சோளா பட்டூராவும் இப்படித்தான். உப்பியிருக்கும்போதே கண்ணில் பட்டால்தான் அதற்கு மதிப்பு. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடத்தில் காற்று இறங்கிவிடும். எனவே இத்தகைய கடையில் மாஸ்டருக்கு டோக்கன் போகும் வரிசையை விட, சர்வர் வாசலில் வந்து நிற்கும் நேரம் பார்த்து மாவைச் சட்டியில் போடும் பழக்கம் முக்கியம். காபியை டம்ளரின் விளிம்புக்கு ஒரு விரல் குறைத்து ஊற்றினால் நடையில் தளும்புவது டபராவுக்குள் நின்றுவிடும். டிகாக்ஷனையும் பாலையும் கலந்து பெரிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டு மொண்டு ஊற்றும் வழக்கம் கார் சப்ளைக்கு ஆகாது. போய்ச் சேரும்போது ஆறிய காபியாகத்தான் இருக்கும்.

நிழலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் டிரைவ்-இன் என்ற வடிவத்தைக் காப்பாற்றியதே நிழல்தான். வெயிலில் நிற்கும் காரில் உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். அமெரிக்கக் கடைகள் இரும்புத் தூணும் தகரக் கூரையுமாகக் கார்வரிசைக்குக் கொட்டகை போட்டுச் சமாளித்தன. இங்கே சங்கத்தின் பழைய மரங்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. அவற்றில் சில நூறாண்டைத் தாண்டியவை. பூங்கா அமைத்தபோதும் பழைய மரங்களை வெட்டாமல் விட்டார்கள், அவற்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். தகரம் வெப்பத்தைக் கீழே கக்கும். மரம் கக்காது. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த கூரை அது. அதற்கான விலையும் உண்டு: காக்கை எச்சம், சாம்பாரில் விழும் சருகு, ஐப்பசி கார்த்திகையில் சேறு, இரவில் விளக்கைச் சுற்றும் பூச்சி. மண்தரையில் கார் போய் வரும்போது எழும் புழுதியைக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துத்தான் அடக்க முடியும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மக்கள் வந்தார்கள் என்றால், ஊரின் நடுவில் ஒரு தோட்டத்துக்குள் உட்கார வேறு இடம் அவ்வளவாக இல்லை என்பதே காரணம்.

இப்போது நிலக் கணக்கு. ஒரு கார் நிற்க 5 மீட்டருக்கு 2.5 மீட்டர் வேண்டும். திருப்பி எடுக்க வழியும் சேர்த்தால் காருக்கு 25 சதுர மீட்டர். காரில் சராசரி இரண்டு, மூன்று பேர். தலைக்கு 8 முதல் 12 சதுர மீட்டர். ஹாலில் ஒருவருக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் போதும். அதாவது அதே வருமானத்துக்கு ஆறேழு மடங்கு நிலம். நேரத்தையும் சேருங்கள்: டிபன் ஹாலில் ஒரு நாற்காலி இருபது நிமிடத்தில் காலியாகும். டிரைவ்-இன்னிலோ மெடிக்கல் ரெப்கள் அடுத்த டாக்டரைப் பார்க்கும் நேரம் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சினிமாக்காரர்கள் கதை பேசினார்கள். அதே சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, நாலு எட்டில் ஜெமினி ஸ்டுடியோ. ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் என்பது அங்கே சாதாரணம், யாரும் எழுப்பி விடவில்லை. அண்ணா சாலை ஓரத்தில் சந்தை விலைக்கு வாடகை கொடுக்கும் எந்த ஓட்டலும் இதைச் செய்தால் மூன்று மாதத்தில் கையைக் கடிக்கும். தோட்டச் சங்கத்தோடு செய்துகொண்ட பழைய குத்தகைதான் இந்தத் தாராளத்தைத் தாங்கியது என்பது என் கணிப்பு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் அளவுகளை வைத்துப் பார்த்தால் வேறு வழியில் இந்தக் கணக்கு நேராவதில்லை. கிருஷ்ண ராவின் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று பழைய வாடிக்கையாளர்கள் சொல்வதை நம்புகிறேன். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்காத சர்வர்களை ஒரு முதலாளி பழக்கித்தான் உருவாக்க முடியும்.

கார்களும் மாறின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தொடர்ந்து வந்த புது மாடல்களில் கண்ணாடி வளைந்தது, கதவு மேலே உள்பக்கம் சாய்ந்தது, தகடு மெலிந்தது, ஏசி வந்ததால் கண்ணாடியை இறக்கவே மனம் வரவில்லை. கொக்கித் தட்டு இவற்றில் சரியாக உட்காராது. சாய்ந்த கதவில் முட்டுக்கால் ஊன்றும் புள்ளி வெளியே தள்ளிப்போவதால் தட்டு உள்பக்கமாகச் சரியும். புதுக் கார் வாங்கியவருக்குக் கதவில் கீறல் விழுந்தால் சண்டைதான். இருசக்கர வண்டியில் வருகிறவர்களோ தொடக்கத்திலிருந்தே ஹாலை நம்பியவர்கள். ஆகவே கடைசிக் காலத்தில் டிரைவ்-இன் என்ற பெயர் இருந்ததே தவிர, பாதிக்கு மேல் தோட்ட ஓட்டலாக மாறியிருந்தது. இதை வீழ்ச்சி என்று சிலர் எழுதுவது சரியில்லை. தட்டு மாட்டும் பழக்கம் தேய்ந்தது. ஓட்டலுக்கு வரும் கூட்டம் தேயவில்லை. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊர் எவ்வளவு வருத்தப்பட்டது என்பதை அந்த நாள் பத்திரிகைகளில் பார்க்கலாம்.

மூடியதற்குக் காரணம் நிலம். அந்த இடம் அரசுக்குச் சொந்தம் என்பது அரசின் நிலை. தன் உரிமையை நிலைநிறுத்தச் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு பல ஆண்டு இழுத்தது. முடிவில் நிலம் அரசின் கைக்கு வந்தது, சங்கத்திடம் குத்தகைக்கு இருந்த ஓட்டலுக்கு இடம் இல்லாமல் போயிற்று. உள்குத்தகைக்காரரின் நிலை எப்போதும் இதுதான்: மேலே இருப்பவரின் உரிமை எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் கீழே இருப்பவரின் உரிமையும். சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த தோட்டத்தையும் அரசு பின்னால் மீட்டு, 2024 அக்டோபரில் அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தது. இப்போது எதிரெதிரே இரண்டு பூங்காக்கள் இருப்பதால் புதிதாகத் தேடுகிறவர்கள் குழம்பிவிடுகிறார்கள். ஓட்டல் இருந்த பக்கம் செம்மொழிப் பூங்கா.

இனி, நான் உறுதியாக எடுத்துக்கொள்ளாதவை. ‘இந்தியாவின் முதல் டிரைவ்-இன்’ என்று பலர் எழுதுகிறார்கள். முதல் என்று சொல்ல வேண்டுமானால் பம்பாய், டெல்லி, பெங்களூர் எல்லாவற்றையும் அலசியிருக்க வேண்டும். ‘சென்னையின் பெயர்பெற்ற டிரைவ்-இன்’ என்று எழுதினால் போதும், அதை யாரும் மறுக்க முடியாது. இன்ன படத்தின் கதை இந்த மரத்தடியில்தான் முடிவானது என்ற பேச்சுகளையும், பேசியவர்களே எழுதியிருந்தால் ஒழிய, நான் சேர்ப்பதில்லை. விலைகளில் இன்னும் கவனம் வேண்டும். ரூபாய், அணா, பைசா முறை 1957 ஏப்ரல் 1 அன்று மாறி நூறு நயா பைசா வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ என்ற சொல் விடப்பட்டது. டிரைவ்-இன் தொடங்கியபோது பில்லில் அணா இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பேச்சில் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்வது இன்னும் பல பத்தாண்டு தொடர்ந்தது. எனவே ‘காபி நாலணா’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யும் இல்லை, ஆண்டைக் காட்டும் சாட்சியும் இல்லை. ‘ஒன்றரை அணா’ என்று நுணுக்கமாகச் சொன்னால் வேறு ஓட்டலின் நினைவு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எழுத்து ஆதாரம் வேண்டுமானால் எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு நாளிதழ்களில் திறப்பு விளம்பரத்தைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள்; பழைய டெலிபோன் டைரக்டரிகளை ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஓட்டல் எந்தப் பெயரில், எந்த முகவரியில் பதிவாகியிருந்தது என்பது அதில் தெளிவாகும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரப்பதிவு தேவை. ஆகவே அப்படிப் பதிவான குத்தகை இருந்தால் அது வில்லங்கச் சான்றில் வரும். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போட்டுக் கையால் தேட வைக்க வேண்டும். நகர நில அளவைப் புல எண் கையில் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக உங்கள் தாத்தாவின் படம். அம்பாசிடர் ஒன்றின் ஜன்னலில் தட்டு மாட்டியிருக்கிறது, நம்பர் பிளேட் பாதி தெரிகிறது என்கிறீர்கள். பிளேட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் அந்த வண்டி 1989 ஜூலைக்கு முன் பதிவானது, டி.என். என்று தொடங்கி மாவட்ட அலுவலக எண் வந்தால் அதற்குப் பின். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது தனியார் கார்களுக்கு 2000-க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டு வரை இருந்தது என்பதால் அது பெரிதாக உதவாது. அடுத்து முன்பக்க கிரில்லைப் பாருங்கள். கட்டம் கட்டமான கிரில் இருந்தால் மார்க் 2. 1960களின் தொடக்கத்திலிருந்து 1975 வாக்கில் மார்க் 3 வரும்வரை அது விற்பனையில் இருந்தது. பக்கத்தில் நிற்கும் பியட்டின் பின்புறம் ‘பத்மினி’ என்ற பெயர் தெரிந்தால் படம் 1970களின் நடுப்பகுதிக்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நின்றால் கதவுகளை எண்ணுங்கள், முதலில் வந்தவை இரண்டு கதவு வண்டிகள். வாசல் பக்கமாக எடுத்த படமானால் பின்னணியைத் துழாவுங்கள்: எதிரே அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம் இருந்தால் 1969-க்குப் பின், மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தால் 1973 ஜூலைக்குப் பின். இந்த அடையாளங்கள் எல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்றுதான் சொல்லும், ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லாது. பதினைந்து வருடப் பழைய அம்பாசிடர் ஓடுவது அன்று சர்வசாதாரணம். பின்னெல்லைக்குப் படத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்; ஸ்டுடியோ முத்திரையில் சாலைப் பெயரும் டெலிபோன் எண்ணும் இருக்கும். எண்ணில் எத்தனை இலக்கம் என்பதையும், மவுண்ட் ரோடா அண்ணா சாலையா என்பதையும் அதே பழைய டைரக்டரிகளோடு ஒப்பிட்டால், நாலைந்து வருட இடைவெளிக்குள் படத்தை அடைத்துவிடலாம். நெகட்டிவ் கிடைத்தால் அதன் ஓரத்தில் அச்சாகியிருக்கும் பிலிம் பெயரையும் குறித்து அனுப்புங்கள், இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும்.